திருவிருந்துக்கு யார் வரலாம்? நோர்தாம்ப்டனிலிருந்து வட்டுக்கோட்டை வரை

1750ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் திகதி, பிரித்தானியரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த மசாசூசெற்ஸ் மாகாணத்தின் நோர்தாம்ப்டன் என்ற ஊரில், சபையார் தங்கள் போதகரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். விவகாரத்தைத் தீர்த்துவைப்பதற்காக அயலூர்ச் சபைகளின் பிரதிநிதிகள் கூடியிருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீக்கலாம் என்றனர். ஒன்பது பேர் வேண்டாம் என்றனர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். ஊர்ச் சபைக்குள் நிலைமை இவ்வளவு நெருக்கமாக இருக்கவில்லை. வாக்குரிமை பெற்ற சுமார் 230 ஆண்களில் 23 பேர் மட்டுமே போதகர் இருக்கவேண்டும் என்றார்கள்.

நீக்கப்பட்டவர் யொனதன் எட்வேர்ட்ஸ். அமெரிக்க மண் தந்த மிகப் பெரிய இறையியலாளர் என்று அவரை ஏற்றுக்கொள்ளாதவர்களும் ஒப்புக்கொள்கின்ற மனிதர். 23 ஆண்டுகள் அந்த ஊரில் பணியாற்றியவர். அவர் மீது பணமோசடிக் குற்றச்சாட்டு இல்லை. ஒழுக்கம் பற்றிய முறைப்பாடும் இல்லை. இயேசுவின் திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடையே அவரை வெளியேற்றியது.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கைதுசெய்யப்படுவதற்கு முந்திய இரவில் இயேசு தம்முடைய சீடர்களோடு அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொண்டார். அதன் நினைவாக நடைபெறுவதைக் கத்தோலிக்கர் நற்கருணை என்பர். புரட்டஸ்தாந்தினர் திருவிருந்து, இராப்போசனம், கர்த்தருடைய பந்தி எனப் பலவாறு அழைப்பர். இவற்றுள் ‘பந்தி’ என்ற சொல் நமக்கு நன்கு விளங்கும். யாரை எந்தப் பந்தியில் இருத்துவது என்பது எங்கள் ஊர்களில் எத்தனை மனஸ்தாபங்களுக்கு வழிவகுத்தது என்று நான் தனியே சொல்லவேண்டியதில்லை.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். தொழிலின் நிமித்தம் எத்தனையோ ஆலயங்களின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறேன். பந்தி நேரம் வந்ததும் குருவானவர் யார் முன்வரலாம் என்று அறிவிப்பார். சில இடங்களில் திடப்படுத்தல் பெற்றவர்கள் மட்டும் என்பார். சில இடங்களில் கர்த்தரை நேசிக்கின்ற எவரும் வரலாம் என்பார். ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்தின் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தேடிப் போகிறவர் பல ஊர்களைக் கடந்து செல்லவேண்டும். அவற்றுள் நோர்தாம்ப்டனில் நடந்ததைப் போலத் தெளிவாக வேறெங்கும் இக்கேள்வி முகம் காட்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மசாசூசெற்ஸில் குடியேறிய பியூரிற்றன்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் மீது வைத்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று, அங்கே ஊரில் பிறந்த அனைவரும் சபையினர் என்பது. குடிகாரனும் வருகிறான், கடவுளை நினையாதவனும் வருகிறான், அனைவருக்கும் ஒரே அப்பம் என்று அவர்கள் வெறுப்படைந்தார்கள். எனவே 1630களில் புதிய நாட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். சபையில் முழு உறுப்பினராகி மேசைக்கு வர விரும்புகிறவர், கடவுளின் அருள் தன் உள்ளத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சபையாருக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அவர்கள் அதைக் கேட்டுத் திருப்தியடைய வேண்டும். நல்லவனாக வாழ்ந்தால் மட்டும் போதாது. கடவுள் தன்னைத் தொட்டார் என்று கூறக்கூடியவனாகவும் இருக்கவேண்டும். அக்காலத்தில் இது ஆன்மீக விடயமாக மட்டும் இருக்கவில்லை. 1631 முதல் சில பத்தாண்டுகள் சபை உறுப்பினருக்கே அங்கு வாக்குரிமை இருந்தது.

முதலாம் தலைமுறைக்கு இது கடினமாக இருக்கவில்லை. கடல் கடந்து வந்தவர்களிடம் சொல்வதற்குக் கதை இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் ஒழுக்கமாக வளர்ந்தார்கள், வேதம் படித்தார்கள், ஆனால் சொல்வதற்கு அனுபவம் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் முழு உறுப்பினர் ஆகாவிட்டால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா இல்லையா என்ற சிக்கல் எழுந்தது. 1662இல் பொஸ்டனில் கூடிய போதகர் மன்றம் ஒரு சமரசத்துக்கு வந்தது. அத்தகையவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. பெற்றோருக்குத் திருவிருந்து இல்லை. பிற்காலத்தவர் இதற்கு ‘அரைவழி உடன்படிக்கை’ என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். வாசலுக்குள் வரலாம், மேசைக்கு வர முடியாது என்ற நிலை.

இந்த அரைவழியை முழுவழி ஆக்கியவர் நோர்தாம்ப்டனின் சொலமன் ஸ்டொடார்ட். 1672 முதல் 1729இல் தமது 85ஆவது வயதில் இறக்கும் வரை அவ்வூரின் போதகராக இருந்தவர். கொனெக்ரிகட் நதிப் பள்ளத்தாக்கின் பாப்பரசர் என்று எதிரிகள் அவரைக் குறிப்பிடும் அளவுக்குச் செல்வாக்கு மிக்கவர். அவருடைய வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். இன்னொரு மனிதனின் உள்ளத்தில் அருள் இருக்கிறதா என்று எந்த மனிதனாலும் அறிய முடியாது. தன் உள்ளத்தில் இருக்கிறதா என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. ஆகவே விசுவாசத்தின் அடிப்படைகளை அறிந்திருந்து, வெளிப்படையான ஒழுக்கக் கேடு இல்லாமல் வாழ்கின்ற எவரும் மேசைக்கு வரட்டும். எகிப்திலிருந்து விடுபட்ட நினைவாக இஸ்ரவேலர் பாஸ்கா உண்டபோது ஒவ்வொருவரின் உள்ளத்தையும் யார் சோதித்தார்கள்? அதற்கும் மேலே ஒரு படி சென்று, திருவிருந்தே மனிதனை மனந்திருப்பும் கருவியாகலாம் என்றார். மனந்திரும்பியவனுக்குரிய பரிசு என்று மற்றவர்கள் கருதியதை, மனந்திரும்ப வேண்டியவனுக்குரிய மருந்து என்று இவர் கண்டார்.

ஸ்டொடார்ட்டைத் தாராளவாதி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மனித முயற்சியால் மீட்பு இல்லை, அருளால் மட்டுமே என்பதில் அவர் மிகக் கடுமையான கல்வினியவாதி. அந்தக் கடுமையிலிருந்தே அவருடைய தாராளம் பிறந்தது. அருள் கடவுளின் கையில் மட்டும் இருக்கிறது என்றால், அதைக் கணக்கெடுக்கும் அதிகாரம் சபைக்கு எங்கிருந்து வந்தது? அவர் கண்ட இன்னொரு விடயம் என்னை மிகவும் கவர்ந்தது. அருள் பெற்றேன் என்று சொன்னால்தான் மேசைக்கு வரலாம் என்ற விதி இருந்தால், துணிந்தவன் சொல்லிவிட்டு வந்துவிடுவான். மனச்சாட்சிக்கு அஞ்சுகிற மென்மையானவன் ஒதுங்கி நிற்பான். விதி யாரைத் தடுக்கவேண்டும் என்று வகுக்கப்பட்டதோ அவரை விட்டுவிட்டு மற்றவரைத் தடுத்துவிடும்.

பொஸ்டனில் இன்கிறீஸ் மாதர் என்ற பெரும் போதகர் அவரை எழுத்தில் எதிர்த்தார். அயலூரான வெஸ்ற்ஃபீல்டில் எட்வேர்ட் ரெய்லர் என்ற போதகர் இருந்தார். திருமண விருந்துக்குக் கலியாண வஸ்திரம் இல்லாமல் வந்தவன் வெளியே தள்ளப்பட்ட உவமையை வைத்து அவர் 1694இல் தொடர் பிரசங்கங்கள் செய்தார். அருள்தான் அந்த வஸ்திரம், அது இல்லாமல் வராதே என்பது அவர் கட்சி. ஆனால் அதே ரெய்லர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, திருவிருந்து நடத்துவதற்கு முன் தம்மைச் சோதித்துக் கவிதைகள் எழுதினார். இருநூறுக்கும் அதிகமானவை. அவற்றை அவர் வெளியிடவில்லை. 1937இல் யேல் பல்கலைக்கழக நூலகத்துக் கையெழுத்துப் படியில் இருந்து அவை கண்டெடுக்கப்பட்டபோதுதான் அமெரிக்காவின் ஆரம்பகாலக் கவிஞர்களுள் மிகச் சிறந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. பிறருக்கு வேலி போட்டவர், தனக்குள்ளே அந்த வேலியைத் தாண்டினேனா என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டொடார்ட் சொன்ன மென்மையான மனச்சாட்சிக்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

யொனதன் எட்வேர்ட்ஸ், ஸ்டொடார்ட்டின் மகள் வயிற்றுப் பேரன். 1727இல் பாட்டனாருக்கு உதவியாளராக வந்து, அவர் மறைந்தபின் தனிப் போதகரானார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பாட்டனாரின் வழக்கத்தையே பின்பற்றினார். 1734இல் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் பற்றி அவர் ஆற்றிய பிரசங்கங்களைத் தொடர்ந்து, சுமார் 200 குடும்பங்கள் கொண்ட அந்த ஊரில் ஆறு மாதங்களுக்குள் 300 பேர் வரை மனந்திரும்பினார்கள் என்று அவரே எழுதினார். அந்தச் செய்தி அட்லான்டிக்கைக் கடந்து இங்கிலாந்தில் அச்சேறியது. அதே எழுச்சியின் உச்சத்தில், 1735 யூன் முதலாம் திகதி, எட்வேர்ட்ஸின் உறவினரான யோசேப் ஹோலி என்ற வணிகர், தனக்கு அருள் கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தில் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அவருடைய மகனுக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பையனை நாம் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

எழுச்சி அடங்கியது. மனந்திரும்பியவர்கள் என்று எட்வேர்ட்ஸ் உலகத்துக்கு அறிவித்தவர்களுள் பலர் பழையபடி காணிச் சண்டைக்கும் புறங்கூறலுக்கும் திரும்பினார்கள். இந்த ஏமாற்றம்தான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன். அழுகையும் பரவசமும் அருளுக்கு அத்தாட்சி ஆகுமா என்ற கேள்வியை ஆராய்ந்து 1746இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். உண்மையான அருளுக்குப் பன்னிரண்டு அடையாளங்களை அதில் கூறினார். கடைசியானதும் தலையாயதுமான அடையாளம் வாழ்க்கை நடத்தை. நடத்தையால் மீட்பு இல்லை என்று அடித்துச் சொன்னவர், மீட்பு உண்டா என்று அறிய நடத்தையைத் தவிர வேறு உறுதியான வழி இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். முன்வாசலால் அனுப்பிய மனித முயற்சி பின்வாசலால் சாட்சியாக உள்ளே வந்துவிட்டது.

நமக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று வைணவர்கள் வடகலை தென்கலையாகப் பிரிந்து வாதிட்டார்கள். மலபரிபாகம் வந்த ஆன்மாவிடத்தில் திருவருள் பதியும் என்கிறது சைவ சித்தாந்தம். அந்தப் பக்குவமும் யாரால் வந்தது என்று கேட்டால் விடை மீண்டும் அருளிடமே போகும். ஆனால் இவை பெரும்பாலும் மடங்களிலும் ஏடுகளிலும் நடந்த வாதங்கள். நோர்தாம்ப்டனில் இது ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா என்ற கேள்வியாக வீட்டு வாசலுக்கு வந்தது.

1748 டிசம்பரில், திருமணம் செய்யவிருந்த ஓர் இளைஞன் சபையில் சேர விண்ணப்பித்தான். அதற்கு முன் சில ஆண்டுகளாக ஒருவரும் புதிதாக விண்ணப்பித்திருக்கவில்லை. தனக்குள் உண்மையான பக்தி இருக்கிறது என்று ஓர் அறிக்கை செய்யவேண்டும் என்றார் எட்வேர்ட்ஸ். மாதிரி அறிக்கைகளையும் அவரே எழுதிக் கொடுத்தார். மிகச் சிறியது சில வரிகள்தான். எந்த நாளில் எந்த நேரத்தில் மனந்திரும்பினாய் என்று அவர் கேட்கவில்லை. உள்ளத்தை ஊடுருவிப் பார்க்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்றும் சொல்லவில்லை. நம்பத்தகுந்த ஒரு வாய்மொழி போதும் என்றார். இளைஞன் மறுத்துவிட்டான். அடுத்து வந்த ஓர் இளம் பெண் அறிக்கை செய்யச் சம்மதித்தாள். சபையின் குழுவோ அதற்கு இடமளிக்கவில்லை. சில வரிகளுக்காக இரண்டாண்டுப் போர் தொடங்கியது.

எட்வேர்ட்ஸ் தமது நிலைப்பாட்டை விளக்கி 1749இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊரில் அதை வாசித்தவர்கள் சிலரே. தம்முடைய கருத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து விளக்க அனுமதி கேட்டபோது அதுவும் நெடுநாள் மறுக்கப்பட்டது. பெரிய ஸ்டொடார்ட் ஐயா வகுத்த வழியைப் பேரன் உடைக்கிறான் என்பதே ஊரின் பேச்சு. தங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு. பழைய கணக்குகளும் இருந்தன. சம்பளத் தகராறு இருந்தது. 1744இல், மருத்துவிச்சிகளுக்கான நூல்களைச் சில வாலிபர்கள் இரகசியமாகப் படித்துப் பெண்களைக் கேலி செய்ததாக எழுந்த விவகாரத்தில், விசாரணைக்கு வரவேண்டியவர்களின் பெயர்களை எட்வேர்ட்ஸ் ஆலயத்தில் வாசித்தார். யார் குற்றம் சாட்டப்பட்டவர், யார் வெறும் சாட்சி என்று பிரிக்காமல் ஒரே பட்டியலாக வாசித்துவிட்டார். பத்திரிகை ஆசிரிய பீடத்தில் ஒரு நாளாவது வேலை செய்தவருக்கு இதன் விளைவு என்னவென்று விளங்கும். ஊரின் நல்ல குடும்பங்கள் அதை மறக்கவில்லை.

எதிரணியில் முன்னின்று வாதாடியவர் 26 வயதான ஓர் இளம் வழக்கறிஞர். பெயர் யோசேப் ஹோலி. 1735இல் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தவரின் மகன். அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. 1760இல், எட்வேர்ட்ஸ் இறந்து இரண்டாண்டுகள் கழித்து, தான் அன்று நடந்துகொண்ட விதம் பெரும் பாவம் என்று அவர் எழுதிய கடிதம் பொஸ்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானது.

எட்வேர்ட்ஸ் பெரிய குடும்பத்தோடு 1751இல் ஸ்ரொக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புறக் கிராமத்துக்குச் சென்று, மோஹிக்கன் பழங்குடியினரிடையே மிஷனரியாகப் பணியாற்றினார். அங்கிருந்தே மனித சித்தத்தின் சுதந்திரம் பற்றிய நூலை 1754இல் வெளியிட்டார். 1758இல் பிறின்ஸ்டன் கல்லூரித் தலைவரானார். சில வாரங்களில், பெரியம்மைத் தடுப்பு ஏற்றிக்கொண்டதன் விளைவாக, மார்ச் 22ஆம் திகதி காலமானார்.

யார் பக்கம் நியாயம்? பாட்டனாரா, பேரனா? நேர்மை என்ற ஒன்றைத் தராசில் வைத்தால் பேரன் பக்கம் தட்டு சாய்கிறது. வாழ்வாதாரம் போகும் என்று தெரிந்தும் நம்பியதைச் சொன்னவர் அவர். ஆயினும் மேசையைப் பற்றிய விடயத்தில் நான் பாட்டனாரின் கட்சி. அருள் இலவசம் என்று அறிவித்துவிட்டு, பெற்றதற்குப் பற்றுச்சீட்டு காட்டு என்பது எனக்கு ஒவ்வவில்லை.

இருவருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் உண்டு. இந்த வாதங்கள் அனைத்தும் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைச் சுற்றியே நடந்தன. அபாத்திரமாய் உண்பவன் தனக்கே தீர்ப்பை உண்கிறான் என்ற பொருள்பட அங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ‘அபாத்திரமாய்’ என்பது உண்ணும் முறையைக் குறிக்கும் சொல். உண்பவனின் தகுதியைக் குறிப்பதாக அதை நூற்றாண்டுகள் வாசித்துவிட்டார்கள். அதே அதிகாரத்தின் முற்பகுதியைப் படித்தால் கொரிந்து சபையில் நடந்தது தெரியும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுலுக்குக் கோபமூட்டியது இதுதான்.

இந்தக் கண்ணோடு நோர்தாம்ப்டனைத் திரும்பிப் பாருங்கள். 1737இல் புதிய ஆலயம் கட்டியபோது இருக்கைகளை எவ்வாறு ஒதுக்குவது என்று ஊர் தீர்மானித்தது. முதலில் சொத்து, பின்னர் வயது, அதன் பின்னர் ஊருக்கு ஒருவர் செய்யும் பயன். எட்வேர்ட்ஸ் 1731இல் நியூபோர்ட் துறைமுகத்தில் வீனஸ் என்ற ஆபிரிக்கப் பெண்ணை அடிமையாக விலைக்கு வாங்கினார். அவருடைய சபையின் திருவிருந்தில் சில அடிமைகளும் முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். அவர்களின் மனந்திரும்புதலை அவர் மகிழ்ச்சியோடு பதிவும் செய்தார். அருளுக்கு நிறம் இல்லை என்று அவர் நம்பினார். மேசையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனதும் அவர்கள் மீண்டும் ஒருவரின் உடைமை. அவருடைய மாணவரான சாமுவேல் ஹொப்கின்ஸ் பிற்காலத்தில் அதே நியூபோர்ட்டில் போதகராக இருந்துகொண்டு அடிமை வியாபாரத்தை வெளிப்படையாக எதிர்த்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அத்திலாந்திக்கின் மறுகரையில் இதே கேள்வியோடு முட்டிமோதிய இன்னொருவரையும் இங்கே குறிப்பிடவேண்டும், ஏனெனில் அவருடைய வழிவந்தவர்களும் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள். மெதடிஸ்த இயக்கத்தின் ஸ்தாபகர் ஜோன் வெஸ்லி இளமையில் ஜோர்ஜியாவின் சவன்னா நகரில் குருவாக இருந்தார். சோபியா ஹொப்கி என்ற பெண்ணை விரும்பினார், முடிவெடுக்கத் தயங்கினார். அவள் 1737 மார்ச்சில் வேறொருவரை மணந்துகொண்டாள். ஓகஸ்ட் 7ஆம் திகதி அவள் திருவிருந்துக்கு வந்தபோது வெஸ்லி கொடுக்க மறுத்தார். முன்கூட்டி அறிவிக்கவில்லை, தவறுக்கு மனம் வருந்தவில்லை என்பன அவர் சொன்ன காரணங்கள். விதிப் புத்தகத்தில் அவற்றுக்கு இடமிருந்தது. மறுநாளே பிடியாணை பிறந்தது, வழக்கு வளர்ந்தது, டிசம்பரில் அவர் ஜோர்ஜியாவை விட்டு வெளியேறினார். அதே வெஸ்லி 1740இல், திருவிருந்து மனந்திருப்பும் கருவியாகும் என்று இலண்டனில் பிரசங்கித்தார். அருள் வரும்வரை சும்மா இரு, மேசைக்குக்கூடப் போகாதே என்று போதித்தவர்களுக்கு அவர் அளித்த பதில் அது. முந்திய ஆண்டில் அவருடைய தாயார் சுசன்னாவே, மருமகன் கையால் கிண்ணத்தைப் பெற்ற கணத்தில்தான் தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற உறுதி தனக்குக் கிடைத்தது என்று மகனிடம் கூறியிருந்தார்.

வெஸ்லியின் வழிவந்த லிஞ்சும் ஸ்குவான்சும் 1814இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். டானியல் பூவர் தெல்லிப்பழையிலும் மெயிக்ஸ், றிச்சர்ட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் அமர்ந்தனர். பூவர் படித்த அன்டோவர் இறையியற் கல்லூரி, எட்வேர்ட்ஸின் மாணவர் பரம்பரையின் செல்வாக்கில் பிறந்தது. அவருக்குப் பின் வந்தவரும், நம்மில் பலர் அகராதியின் பெயரால் மட்டும் அறிந்தவருமான மிரன் வின்ஸ்லோவும் அங்கே படித்தவரே. நோர்தாம்ப்டனில் தோற்ற எட்வேர்ட்ஸின் நிலைப்பாடு, ஐம்பது அறுபது ஆண்டுகளில் நியூ இங்கிலாந்துச் சபைகள் பலவற்றில் வென்றுவிட்டிருந்தது. ஆகவே ஊரிலிருந்து துரத்தப்பட்ட அந்தக் கொள்கை கப்பலேறி நமது கரைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கதவு அகலத் திறந்திருந்தது. திருவிருந்து மேசைக்கான வழி மிக ஒடுங்கியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கிராமப் பாடசாலைகளில் படித்தார்கள். அவர்களிலிருந்து மேசைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். 1824இல் தெல்லிப்பழையில் தொடங்கி மற்ற நிலையங்களுக்கும் பரவிய எழுச்சியின்போதுகூட, மனம் கசிந்தவர்களை உடனடியாகச் சேர்த்துக்கொள்ளாமல் மாதக்கணக்கில் சோதித்தார்கள். 1825 ஜனவரியில் சண்டிலிப்பாயில் நடந்த பெரும் கூட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் சபையில் சேர்க்கப்பட்டபோது அதைப் பெரிய நிகழ்வாகக் கருதினார்கள். தூண்டுதல் எளிது, உண்மை அரிது என்ற எட்வேர்ட்ஸின் எச்சரிக்கை அவர்களுடைய கைகளைக் கட்டியிருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியைக் கணிதத்துக்காகவும் வானியலுக்காகவும் தமிழுக்காகவும் நாம் கொண்டாடுகிறோம். அருள் பெற்ற ஊழியர்களை விட அரசாங்க உத்தியோகத்தரையே அது அதிகம் உருவாக்குகிறது என்ற அதிருப்தியும் 1855இல் அது மூடப்பட்டதற்கு ஒரு காரணம்.

சாதியின் விடயத்தில் இந்த வேலி வேறு உருவம் எடுத்தது. தஞ்சாவூரில் கிறிஸ்தவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணமும் உயர்சாதியினருக்கு முதலில் சென்றது. 1833 யூலையில் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றுநிருபம் அனுப்பினார். பெரும் புலவரான வேதநாயகம் சாஸ்திரியார் உட்பட வேளாளக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்தார்கள். சாதி உலக வழக்கம், அதைக் கைவிடு என்று கட்டளையிடுவது அருளின் மேல் கிரியையைச் சுமத்துவது என்ற தொனியில் வாதங்கள் எழுந்தன. பலர் பின்னர் சாதி விடயத்தில் இறுக்கம் காட்டாத லைப்சிக் லூத்தரன் மிஷனைத் தேடிச் சென்றார்கள். அருளின் பெயரால் பேசிய இந்தக் கட்சியோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஒரே கிண்ணத்தில் குடிக்கமாட்டேன் என்பவரிடம் நிபந்தனை விதித்த ஆயர், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட அந்த அதிகாரத்தைச் சரியாக வாசித்தவர். மேசையை எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்பவன், மேசையில் பிறரை ஒதுக்குபவனுக்கும் அதே சலுகையைக் கொடுக்கவேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகள் அதன் ஓர் ஆதீனமாயின. அங்கிலிக்கனும் மெதடிஸ்தரும் கொங்கிறகேஷனல் சபையினரும் ஒரே மேசைக்கு வந்த அந்த முயற்சியை இங்கிலாந்தில் பலர் விரும்பவில்லை. கவிஞர் ரி. எஸ். எலியட், திட்டம் பேச்சளவில் இருந்த 1943இலேயே அதற்கு எதிராக ஒரு சிறுநூல் எழுதினார். முறையான ஆயர்களால் அபிஷேகம் பெறாத போதகரின் கையால் பெறும் அப்பம் செல்லுமா என்பது அவர் போன்றோரின் கவலை. ஸ்டொடார்ட்டுக்கும் எட்வேர்ட்ஸுக்கும் உண்பவர் யார் என்பது பிரச்சினையாக இருந்தது. இவர்களுக்குக் கொடுப்பவர் யார் என்பது பிரச்சினை. இலங்கையின் அங்கிலிக்கனும் மெதடிஸ்தரும் அந்த இணைப்பில் சேரவில்லை. ஆகையால் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியின் பிள்ளைகளும் எட்வேர்ட்ஸின் பிள்ளைகளும் இன்றும் வேறு வேறு சபையினராகவே இருக்கிறார்கள்.

யாழ்ப்பாண ஆதீனத்தின் முதலாவது பேராயர் சபாபதி குலேந்திரன். வட்டுக்கோட்டையின் பழைய ஆலயம் அவருடைய பேராலயமாயிற்று. 1964இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் பற்றிய கோட்பாடு. வேலி போட வந்தவர்களின் வழித்தோன்றலாகிய ஒரு பேராயர், வேலிக்கு வெளியே இருந்தவர்களின் அருள் நூல்களைப் பொறுமையாகப் படித்து, ஒற்றுமை எங்கே, வேற்றுமை எங்கே என்று எழுதினார். குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும் பவுலோடும் லூத்தரோடும் அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்க்கப்பட்டன. தம் சமயமே தனித்தன்மை வாய்ந்தது என்ற முடிவைத்தான் அவர் கடைசியில் கொண்டிருந்தார். ஆனாலும் சைவ சித்தாந்தம் படித்த எவரும் அந்த நூலைக் கையில் எடுத்தால், தன்னை நன்கு அறிந்த ஓர் அயலவரோடு பேசிக்கொண்டிருப்பதாகவே உணர்வார்.